வாசகர் கேள்வி – பதில்: ஜாக்குலின் கென்னடி விட்டுச்சென்றவை

அறுபதுகளில் தம் அத்தை, துணி அலமாரிக் கதவின் உட்புறத்தில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலினின் படத்தை ஒட்டி வைத்திருந்ததை நினைவுகூர்ந்து, மயிலாப்பூர் வாசகி ஒருவர் எழுதிய கடிதம் சென்ற மாதம் இந்தப் பகுதியில் வெளியானது. அதைத் தொடர்ந்து சென்னையின் பல பகுதிகளிலிருந்தும் கேள்விகள் வந்தன. அவை ஒன்றையொன்று தொட்டுச் சென்றதால், இந்த இதழில் வேறு எதையும் சேர்க்காமல் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அத்தையின் அலமாரியைப் பற்றி எழுதியவள் நான்தான். "எவ்வளவு லட்சணமாக உடுத்துகிறாள், பார்" என்று மட்டும்தான் அத்தை சொல்வார். ஒரு தலைவரின் மனைவி அழகாக உடுத்தினார் என்பதற்கு மேல், அறுபது ஆண்டுகள் கழித்தும் நினைக்கும்படி அவர் என்ன செய்தார்?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: உங்கள் அத்தையின் கண் தவறாகப் பார்க்கவில்லை. அந்த லட்சணத்தின் மீது உலகத்தின் பார்வை விழுந்தது என்பதையும், அந்தப் பார்வை எவ்வளவு வலிமையானது என்பதையும் ஜாக்குலினே நன்றாக அறிந்திருந்தார். திருமணத்துக்கு முன் அவர் வாஷிங்டனில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தார். தெருவில் போவோரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டு, அவர்களைப் படமும் எடுத்து, பதிலோடு சேர்த்து வெளியிடுவதே அந்த வேலை. கேள்வி பதில் பகுதியில் பல ஆண்டுகள் கழித்துவிட்ட எனக்கு இந்தச் செய்தி நெருக்கமானது. மக்கள் எதைப் பார்க்க நிற்பார்கள், எதைப் பேச விரும்புவார்கள் என்பதை அவர் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிலேயே தெருவில் நின்று கற்றுக்கொண்டார்.

1961 ஜனவரி 20 அன்று கணவர் அதிபராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 31. குடியேறிய வெள்ளை மாளிகையில் 1800 முதல் அதிபர்கள் வாழ்ந்து வந்தார்கள். ஆனால் அந்த வரலாற்றைச் சொல்லும் பொருள்கள் அங்கே குறைவாகவே இருந்தன. ஒவ்வோர் அதிபரும் தமக்குப் பிடிக்காத பழைய சாமான்களை அப்புறப்படுத்துவது வழக்கமாக இருந்தது. செஸ்டர் ஆர்தர் என்ற அதிபர் 24 வண்டிச் சுமைப் பொருள்களை ஏலத்தில் விற்றே தீர்த்தார். புதிய திரைச்சீலையும் புதிய நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டு ஜாக்குலின் நிறுத்தியிருக்கலாம். அலங்காரம் என்ற சொல்லே தமக்குப் பிடிக்காது, இந்த வீடு மீட்டெடுக்கப்பட வேண்டும் என்று அவர் அப்போதே சொன்னார். விக்டோரியா மகாராணி 1880-இல் அனுப்பிய, ஒரு கப்பலின் மரத்தால் செய்யப்பட்ட எழுதுமேசை, மாளிகையின் ஒலிபரப்பு அறையில் கவனிப்பாரின்றிக் கிடந்ததைக் கண்டெடுத்து அதிபரின் அலுவலக அறைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அவர் செய்து வைத்த ஏற்பாடுகள். அறிஞர்களையும் சேகரிப்பாளர்களையும் கொண்ட குழு ஒன்றை 1961 பிப்ரவரியில் அமைத்தார். மாளிகைப் பொருள்களைக் காக்கக் காப்பாட்சியர் பதவி அந்த ஆண்டிலேயே உருவானது. வரலாற்று மதிப்புள்ள பொருள்களை இனி எந்த அதிபரும் விற்கவோ எடுத்துச் செல்லவோ இயலாதபடி செப்டம்பரில் சட்டம் வந்தது. நவம்பரில் வெள்ளை மாளிகை வரலாற்றுக் கழகம் தொடங்கப்பட்டது. அந்தக் கழகம் 1962-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலை ஒரு டாலருக்கு விற்று, வந்த பணத்தை மாளிகையின் பராமரிப்புக்கே செலவிடும் வழியும் வகுக்கப்பட்டது. 1962 பிப்ரவரி 14 அன்று அவரே தொலைக்காட்சியில் தோன்றி, அறை அறையாக நடந்து, ஒவ்வொரு பொருளின் வரலாற்றையும் சொன்னார். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அவரைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் மேசையையும் ஓவியத்தையும் பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர், ஒரு நாள் எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றின் நெய்யால் விளக்கு எரியவும், ஆடுகள் பெருகித் தொகை குறையாதிருக்கவும் ஏற்பாடு செய்தார். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டு சொல்கிறது. கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவி, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியபோது, பழைய கொடைகள் மறைந்துபோகாதபடி திருக்கோடிகாவலில் பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். அரசியலில் இருப்பவரின் துணைவிக்குப் பதவி இல்லை, கையெழுத்திடும் அதிகாரம் இல்லை. பதவி இல்லாதவர் நிலைக்கும்படி ஒன்றைச் செய்ய வேண்டுமானால், தாம் போன பிறகும் நடக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போவதே வழி. ஜாக்குலின் அதைச் செய்தார் என்பதே உங்கள் கேள்விக்கு என் பதில்.

கேள்வி: நான் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். உடுத்திக்கொண்டவரைப் புகழ்கிறார்கள், தைத்தவரை யாரும் கேட்பதில்லை. அவருக்குத் தைத்தவர்கள் யார்?
— வாசகர், தி. நகர்

பதில்: இந்தக் கேள்வியைத் தையற்காரர் ஒருவர்தான் கேட்டிருக்க முடியும்.

1953 செப்டம்பர் 12 அன்று ஜாக்குலினுக்கும் கென்னடிக்கும் திருமணம் நடந்தது. இன்றும் மணப்பெண் உடைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் அந்தத் தந்த நிறப் பட்டு ஆடையை உருவாக்கியவர் ஆன் லோ. அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. அவருடைய பாட்டி அடிமையாகப் பிறந்தவர். திருமணத்துக்குச் சில நாள்களே இருக்கும்போது அவருடைய தையலகத்தில் தண்ணீர் புகுந்து, மணப்பெண் ஆடையும் தோழியருக்கான ஆடைகள் பலவும் பாழாயின. வாரக்கணக்கில் செய்த வேலையை, மீண்டும் துணி வாங்கி, ஆள்களைக் கூட்டி, இரவு பகலாகத் தைத்து, குறித்த நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நடந்ததை மணவீட்டாரிடம் சொல்லவும் இல்லை. லாபம் வரவேண்டிய வேலையில் கைப்பணம் போயிற்று. திருமணத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய பத்திரிகைகளில் பெரும்பாலானவை அவர் பெயரை எழுதவில்லை. பின்னாளில் ஒரு மகளிர் இதழ் 'நிறத்தவரான ஒரு தையற்காரி' என்ற பொருளில் எழுதியபோது அவர் மனம் நொந்து ஜாக்குலினுக்கே கடிதம் எழுதினார். ஜாக்குலினை மதிக்கிற எனக்கு இந்த இடத்தில் வருத்தம் உண்டு. தம்மீது விழுந்த வெளிச்சத்தில் ஒரு பங்கை அந்தப் பெண்மணியின் மீது திருப்ப அவருக்கு வாய்ப்பு இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை.

வெள்ளை மாளிகைக் காலத்தில் உடை விஷயமே அரசியலாயிற்று. 1960 தேர்தல் பிரசாரத்தின்போதே, பாரிஸ் உடைகளுக்கு அவர் செலவிடும் பணத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அமெரிக்க ஆடைத் தொழிலாளர் சங்கமும் முகம் சுளித்தது. உள்ளூர்த் தொழிலாளி தைத்ததை உடுத்தாதவர் எப்படி நாட்டுத் தலைவரின் மனைவியாக இருக்க முடியும் என்ற கேள்வி நமக்குப் புரியக்கூடியது. கதரைப் போட்டுக்கொண்டு சுதந்திரப் போராட்டம் நடத்திய நாடு நம்முடையது. 1953-இல் அண்ணாவும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றதைப் பார்த்த ஊர்கள் நம்முடையவை. ஜாக்குலின் அமெரிக்காவில் தொழில் நடத்திய ஒலெக் கசீனியைத் தம் உடைகளுக்குப் பொறுப்பாளராக்கினார். செலவை ஏற்றவர் மாமனார்.

அவர் கழுத்தில் அடிக்கடி காணப்பட்ட மூன்று சர முத்து மாலை போலி முத்தால் ஆனது. 1996-இல் அவருடைய உடைமைகள் ஏலம் விடப்பட்டபோது அந்தப் போலி மாலை 2,11,500 டாலருக்குப் போயிற்று.

இன்னோர் உடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் கணவர் சுடப்பட்டபோது அவர் அணிந்திருந்த இளஞ்சிவப்பு உடையும், பாரிஸ் நிறுவனத்தின் துணியையும் மாதிரியையும் கொண்டு நியூயார்க்கில் தைக்கப்பட்டதுதான். விமானத்துக்குள் லிண்டன் ஜான்சன் புதிய அதிபராக உறுதிமொழி எடுத்தபோது, உடை மாற்றிக்கொள்ளும்படி சொன்னவர்களிடம் அவர் மறுத்துவிட்டார். செய்தவர்கள் செய்ததைப் பார்க்கட்டும் என்றார். இரத்தம் படிந்த அந்த உடையோடு அவர் நிற்கும் படம் உலகம் முழுவதும் போயிற்று. துவைக்கப்படாத அந்த உடை இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 2103 வரை அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கூடாது என்பது குடும்பத்தின் நிபந்தனை.

கேள்வி: ஜாக்குலின் இந்தியா வந்தபோது சென்னைக்கும் வந்தாரா? அவருக்குப் பல மொழிகள் தெரியும் என்கிறார்களே?
— கல்லூரி மாணவி, அண்ணா நகர்

பதில்: சென்னைக்கு வரவில்லை. 1962 மார்ச் 12 அன்று தங்கையோடு தில்லியில் வந்து இறங்கியவர், ஆக்ரா, காசி, உதய்பூர், ஜெய்ப்பூர் என்று வடக்கிலும் மேற்கிலுமே பயணம் செய்துவிட்டுப் பாகிஸ்தானுக்குப் போனார். பயணத்தை அமெரிக்கத் தகவல் துறை வண்ணப்படமாக எடுத்துப் பல நாடுகளுக்கு அனுப்பியது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்ததே 1975-இல்தான் என்பதால், இங்கிருந்தவர்கள் அவரை வார இதழ்களிலும் திரையரங்கச் செய்திப்படங்களிலும்தான் பார்த்திருப்பார்கள். அலமாரிக் கதவில் ஒட்டும் படங்களும் அந்த வழியாகவே வந்தன.

மொழியைப் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. அவர் ஓராண்டு பாரிஸில் படித்தவர். பட்டம் பெற்றதும் பிரெஞ்சு இலக்கியத்தில்தான். 1961-இல் கணவரோடு பாரிஸ் போனபோது மக்கள் அவரைக் கொண்டாடிய விதத்தைக் கண்டு, ஜாக்குலின் கென்னடியோடு பாரிஸுக்கு வந்தவன் நான் என்று அதிபரே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அங்கே பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ, சில நாள்களுக்கு முன்புதான் இரண்டு மகன்களையும் விபத்தில் இழந்திருந்த நிலையிலும், அவரை ஓவியக் கூடங்களுக்கு அழைத்துச் சென்றார். அந்த நட்பின் பயனாக 1963 தொடக்கத்தில் மோனா லிசா ஓவியம் கடல் கடந்து வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் வந்தது. பல லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஸ்பானிஷ் மொழியிலும் அவர் மேடையில் பேசுவார். கணவர் கொல்லப்படுவதற்கு முந்தைய இரவு, ஹூஸ்டனில் மெக்சிக்க வழியினர் கூடிய கூட்டத்தில் அவர் பேசியது ஸ்பானிஷில். தம் மொழியை ஒருவர் மதித்துப் படித்துப் பேசும்போது கேட்பவர் மனத்தில் என்ன நேர்கிறது என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: சிறுவயதில் அப்பாவோடு மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கியிருக்கிறேன். அது போனபோது சொந்த வீடு எரிந்தது போலிருந்தது. நியூயார்க்கில் ஒரு ரயில் நிலையத்தை ஜாக்குலின் காப்பாற்றினார் என்று கேள்விப்பட்டேன். ஒருவரின் புகழால் ஒரு கட்டடம் பிழைக்குமா?
— வாசகர், பெரியமேடு

பதில்: புகழால் மட்டும் பிழைக்காது. ஆனால் புகழ் சரியான நேரத்தில் சரியான வாசலில் போய் நின்றால் பிழைக்கும். இந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நியூயார்க்கில் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள் இருந்தன. அவற்றில் பென்சில்வேனியா நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பளிங்குத் தூண்கள் உடைபட்டுக் குப்பையாகப் போனதைக் கண்ட நகரம் அதிர்ந்தது. அதன் விளைவாக 1965-இல், மதிப்புமிக்க கட்டடங்களை அடையாளச் சின்னங்களாக அறிவித்துக் காக்கும் சட்டம் வந்தது. 1913-இல் திறக்கப்பட்ட கிராண்ட் சென்ட்ரல் நிலையமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதன் உரிமையாளரான ரயில்வே நிறுவனம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. நிலையத்தின் தலைமீது ஐம்பது மாடிக்கு மேற்பட்ட அலுவலகக் கோபுரம் எழுப்பி வாடகை பெற விரும்பியது. நகரம் அனுமதி மறுத்தது. நிறுவனம் வழக்குத் தொடுத்து, 1975 ஜனவரியில் கீழ் நீதிமன்றத்தில் வென்றது.

அப்போது நியூயார்க் நகராட்சியே திவாலின் விளிம்பில் இருந்தது. மேல்முறையீடு செய்து தோற்றால் பெருந்தொகை இழப்பீடு கொடுக்க நேரும் என்று மேயர் ஆபிரகாம் பீம் தயங்கினார். இந்தத் தயக்கத்தின் நடுவில்தான் ஜாக்குலின் வந்தார். செய்தித்தாளில் படித்துவிட்டுத் தாமாகவே நகரக் கலைச் சங்கத்தைத் தொடர்புகொண்டு, நிலையத்தைக் காக்கும் குழுவில் சேர்ந்தார். ஜனவரி 30 அன்று அந்த நிலையத்துக்குள்ளேயே பத்திரிகையாளர் கூட்டம் நடந்தது. பேசுவதற்குக் கட்டடக் கலைஞர்களும் அறிஞர்களும் இருந்தார்கள். படம் எடுக்க வந்தவர்கள் ஜாக்குலினுக்காக வந்தார்கள். மறுநாள் செய்தி நிலையத்தைப் பற்றியதாக இருந்தது. பின்பு மேயருக்குத் தம் கைப்படக் கடிதம் எழுதினார். நம் நகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக விடுவது கொடுமையில்லையா, பிள்ளைகளுக்கு ஊக்கம் தர எதை மிச்சம் வைக்கப்போகிறோம் என்ற கருத்தில் அமைந்தது அந்தக் கடிதம். நகரம் மேல்முறையீடு செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, 1978 ஏப்ரலில் ஆதரவாளர்களோடு வாஷிங்டனுக்குத் தனி ரயிலிலேயே சென்றார்.

1978 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டடத்தை இப்போதுள்ளபடியே பயன்படுத்தி நியாயமான வருவாய் பெற உரிமையாளருக்கு வழி இருக்கிறது. மேலே கட்ட முடியாமல் போன பரப்புக்கான உரிமையை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. எனவே சொத்தைப் பறித்ததாக ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு நிலையம் பிழைத்ததோடு இது முடியவில்லை. இத்தகைய சட்டங்களை வைத்திருந்த மற்ற அமெரிக்க நகரங்களுக்கும் அந்தத் தீர்ப்பு கால் ஊன்ற இடம் கொடுத்தது.

நம் ஊருக்கு வருவோம். 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோயிற்று. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரிய ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்று தடுத்தார்கள். அதைக் காக்க வேண்டும் என்று 2010-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்பும் அந்தக் கட்டடம் பல ஆண்டுகள் பாழடைந்து நின்றதை அந்த வழியே பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தோம். வழக்குப் போட ஆள் இருந்தது. எழுத ஆள் இருந்தது. நடிகர்களுக்கும் தலைவர்களின் குடும்பத்தாருக்கும் கூடுகிற கூட்டத்தை அந்தக் கட்டடத்தின் வாசலுக்கு அழைத்து வர யாரும் முன்வரவில்லை. நம் நகரத்தில் அப்படிப்பட்ட கூட்டத்தைக் கூட்ட வல்லவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவர், ஒரே ஒரு காலைப்பொழுது, ஒரு பழைய கட்டடத்தின் படியில் வந்து நின்றால் போதும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

கேள்வி: மெரினாவில் அண்ணா நினைவிடத்தின் அணையா விளக்கைப் பார்க்கும்போது இந்தச் சந்தேகம் வந்தது. கென்னடியின் கல்லறையிலும் அணையா விளக்கு எரிகிறது, அது மனைவியின் யோசனை என்று படித்தேன். கணவரின் புகழை மனைவியே உருவாக்குவது சரியா?
— வாசகர், ராயப்பேட்டை

பதில்: விளக்கு அவருடைய யோசனைதான். 1865-இல் லிங்கனுக்கு நடந்த இறுதிச் சடங்கின் விவரங்களைத் தேடச் சொல்லி, அதன் மாதிரியில் மாளிகையின் கிழக்கு அறையைக் கறுப்புத் துணியால் போர்த்தச் செய்தார். சவப்பெட்டியின் பின்னே, தலைவர்கள் தொடர, கால்நடையாக நடந்தார். 1963 நவம்பர் 25 அன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சுடரை ஏற்றினார். அன்று முதல் உலகில் பெருந்தலைவர்களின் இறுதி ஊர்வலம் எப்படி இருக்கும் என்ற கற்பனையில் அந்த நான்கு நாள்களின் காட்சி கலந்திருக்கிறது.

உங்கள் சந்தேகத்துக்கு உரிய இடம் அதற்கடுத்த சில நாள்கள். நவம்பர் 29 அன்று தியோடர் ஒயிட் என்ற பத்திரிகையாளரை வரவழைத்து, கணவரின் ஆட்சிக் காலத்தை, ஆங்கிலப் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னனின் பொன்னகரமான கேமலாட்டோடு ஒப்பிட்டுப் பேசினார். அந்த ஒப்பீடு அப்படியே வெளியாகி, அப்படியே நிலைத்துவிட்டது. 1961-இல் கியூபாவில் நேர்ந்த தோல்வியும், வியட்நாமில் பெருகிக்கொண்டிருந்த அமெரிக்கப் படை ஆலோசகர்களும், அதிபரின் சொந்த வாழ்க்கையில் மனைவி பொறுத்துக்கொண்ட வேதனைகளும் அந்தப் பொன்னகரக் கதைக்குள் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. வரலாறு எழுதியவர்கள் அந்த உறையைக் கிழித்துப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. இதுவும் அவருடைய செல்வாக்குதான். ஆனால் இதை நான் பாராட்ட மாட்டேன்.

ஆயினும் அவரைக் குறை கூறவும் எனக்கு மனம் வரவில்லை. கோனேரிராசபுரத்தில் செம்பியன் மாதேவி, மறைந்த கணவரின் பெயரால் எடுப்பித்த கற்றளியில், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தைச் செதுக்கச் செய்தார். ஆயிரம் ஆண்டு கழித்து நாம் கண்டராதித்தரை அந்தக் கல்லில்தான் பார்க்கிறோம். ஒரு வாரத்துக்கு முன் மடியில் கணவர் தலை சாய்ந்ததைக் கண்ட 34 வயதுப் பெண், அவர் மறக்கப்படக் கூடாது என்று தவித்ததைப் புரிந்துகொள்ள முடியும். கதையை அவர் சொன்னார். அதை அளந்து பார்க்காமல் அச்சேற்றியவர்கள் பத்திரிகையாளர்கள். அந்தத் தொழிலில் இருப்பவர் என்ற முறையில் பெரும் பழியை எங்கள் பக்கமே வைக்கிறேன்.

கேள்வி: அவர் பெண்ணுரிமைக்கு ஆதரவானவரா?
— வாசகி, பெசன்ட் நகர்

பதில்: 1964-இல் இல்லை. அந்த ஆண்டு ஒரு வரலாற்றாசிரியரிடம் அவர் மனம் திறந்து பேசிய ஒலிப்பதிவுகள் 2011-இல் வெளியாயின. அரசியல் பெண்களுக்கு ஏற்றதில்லை, என் கருத்துகள் கணவரிடமிருந்து வருபவை என்று அவற்றில் சொல்கிறார். 1961 நவம்பரில் நேருவோடு அமெரிக்கா வந்த இந்திரா காந்தியைக் கடுமையான சொற்களால் பேசுகிறார். பெண்களோடு தனியே அமர்ந்து உண்ணாமல், அரசியல் பேசும் ஆண்களோடு இருக்க இந்திரா விரும்பியதே அவருக்குப் பிடிக்காமல் போன காரணங்களில் ஒன்று. நான்கு ஆண்டுகளில் இந்தியாவின் பிரதமராகப் போகிறவர் வேறு எங்கே அமர விரும்பியிருப்பார்?

அதே ஜாக்குலின் 1979-இல், பெண்ணுரிமை இதழ் ஒன்றுக்கு, குடும்பம் இருந்தால் வேலைக்குப் போகக் கூடாது என்று தம் தலைமுறைப் பெண்களுக்குச் சொல்லப்பட்டது வருந்தத்தக்கது என்று எழுதினார். பதினைந்து ஆண்டுகளில் ஒரு மனம் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. எப்படி நடந்தது என்பது அடுத்த கேள்வியின் பதிலில் இருக்கிறது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, முப்பத்தாறு வயதில் கணவரை இழந்தவள். ஜாக்குலின் மறுமணம் செய்துகொண்டபோது எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியைகள் கூட அவரைத் திட்டியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று யாரும் பேசியதில்லை.
— வாசகி, தாம்பரம்

பதில்: அம்மா, உங்கள் பள்ளியில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் அப்போது அவரைத் திட்டினார்கள். 1968 ஜூனில் மைத்துனர் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குடும்பத்தின் மீது குறி வைத்தவர்கள் தம் பிள்ளைகளையும் விட மாட்டார்கள் என்ற அச்சம் அவரைப் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று கிரேக்கக் கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸை மணந்தார். வெள்ளை மாளிகையை மீட்டவரைப் போற்றிய அதே பத்திரிகைகள், அவரைப் பணத்துக்கு விலை போனவராக எழுதின. தலைவரின் விதவை சிலையாக நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள், சிலை இறங்கி நடந்ததைப் பொறுக்கவில்லை. கைம்பெண் மறுமணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக மேடை போட்டுப் பேசிய நம் மண்ணிலும் அந்த வசை எதிரொலித்தது என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு வலிக்கிறது.

1975 மார்ச்சில் ஒனாசிஸும் இறந்தார். ஜாக்குலினுக்கு அப்போது 45 வயது. பணத்துக்குக் குறைவில்லை, வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அந்த ஆண்டே வைகிங் பதிப்பகத்தில் வாரம் 200 டாலர் சம்பளத்துக்குப் பதிப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். பின்பு 1978-இல் டபுள்டே பதிப்பகத்துக்கு மாறி, இறுதிவரை அங்கேயே இருந்தார். வெள்ளை மாளிகையில் அவர் இருந்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. பிறருடைய கைப்பிரதிகளைத் திருத்தியது ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள். எகிப்தின் நாகிப் மஃபூஸின் நாவல்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்ப்பதில் அவர் கை இருந்தது. இந்திய அரசவை வாழ்க்கையைப் பற்றி அவர் 1985-இல் கொண்டுவந்த நூலை எழுதியவர், பின்னாளில் ஒடிசாவின் முதலமைச்சரான நவீன் பட்நாயக். இந்த நூல்களின் அட்டையிலோ முகப்பிலோ அவர் படம் இல்லை. தம்மைப் பார்க்கச் சொல்லாமல் வேலை செய்ய ஓர் இடம் கிடைத்ததில் அவர் மகிழ்ந்தார் என்றே அவருடன் பணியாற்றியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1994 மே 19 அன்று, 64 வயதில், நிணநீர்ப் புற்றுநோயால் நியூயார்க்கில் தம் வீட்டில் இறந்தார். வாசலில் கூடி நின்ற பத்திரிகையாளர்களிடம் மறுநாள் மகன் வந்து பேசினார். அம்மா, தம் நண்பர்களும் குடும்பத்தாரும் தம் புத்தகங்களும் சூழ்ந்திருக்க, தாம் விரும்பிய விதத்தில் போனார் என்றார் அவர்.